‘இதுல என்ன இருக்கு?’: நவீன ஓவியக் கூடத்தைப் பார்க்கப் பழகுவோம்

சின்னாளப்பட்டிக் கடைவீதியில் ஒரு சுங்குடிச் சேலையை விரித்துப் போடுங்கள். சுற்றி நிற்கிற அக்காமார் யாரும் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கப்போவதில்லை. புள்ளி எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது, கையால் முடிச்சுப் போட்டதா அச்சா, சாயம் எங்கேயாவது கசிந்திருக்கிறதா, உடல் நிறத்துக்குக் கரை எடுப்பாக இருக்கிறதா என்று கண் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். ஒரே சேலையைப் பத்து நிமிஷம் பார்ப்பார்கள். புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள்.

இதே அக்காவை ஒரு நவீன ஓவியக் கூடத்துக்குள் அழைத்துப் போனால் முதல் அறையிலேயே கால் தயங்கும். சுவரில் நாலு கோடு, ஒரு வட்டம், எழுத்து மாதிரி ஏதோ ஒன்று. ‘இதெல்லாம் படிச்சவங்க பாக்குறதுப்பா’ என்று சொல்லிவிட்டு, ஃபேன் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓவியம் வரையச் சொல்லித் தந்த பள்ளிக்கூடங்கள் உண்டு. ஓவியம் பார்க்கச் சொல்லித் தந்த பள்ளிக்கூடங்கள் மிகக் குறைவு.

ஆனால் அரசு அருங்காட்சியகம் என்பது நூலகம், ரேஷன் கடை, அரசுப் பேருந்து மாதிரி நம் வரிப்பணத்தில் நடக்கிற பொதுச் சேவை. நமக்கென்று இருப்பதை ‘நமக்கில்லை’ என்று நாமே ஒதுக்கி வைப்பானேன்? கையில் ஒரு ஸ்மார்ட்போன், ஒரு நாள் நேரம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். எங்கே போவது, எப்படிப் பார்ப்பது, போனை எப்போது வெளியே எடுப்பது, எப்போது பைக்குள் வைப்பது என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

போவது எங்கே?

திண்டுக்கல் மாவட்டத்துக்குள் பழனியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மதுரைக்குப் போனால் தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம். இரண்டும் பார்க்க வேண்டியவை. ஆனால் நவீன ஓவியம், சிற்பம் என்று தனியாகப் பார்க்க வேண்டுமானால், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நாம் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.

முதல் இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இருக்கிற அதே வளாகத்தில்தான் நவீனக் கலைக்கூடமும் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள் பலர் எலும்புக்கூட்டையும் நடராசரையும் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று இந்தக் கட்டடத்துக்குள் நுழையாமலே திரும்பியிருப்பார்கள். ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உண்டு. காலண்டரில் பார்த்த ரவிவர்மாவையும் அசல் எண்ணெய் வண்ணத்தில் பார்க்கிற ரவிவர்மாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டுச் சேலை மடிப்பில் வெளிச்சம் விழும் இடத்தை நம் ஊர்க்காரர்கள் தவறவிட மாட்டார்கள்.

இரண்டாவது இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் கலைஞர் கிராமம். இது அரசு நடத்துவது அல்ல, கலைஞர்கள் தாங்களே உருவாக்கியது. இதன் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு இது சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி இருக்கும்.

சாயத்தில் சம்பாதித்து வாங்கிய நிலம்

கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வர் ஆனார். கல்லூரியை விட்டு வெளியே போகிற மாணவர்கள் என்ன செய்து பிழைப்பார்கள் என்பது அவருக்குப் பெரிய கவலை. படம் வாங்க ஆள் கிடையாது. திறமையான பையன்கள் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

அதற்கு அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி, பத்திக். துணியில் உருகிய மெழுகைத் தடவி, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை உருக்கி எடுக்கிற வேலை. மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. அந்த இடம்தான் வடிவமாக மிஞ்சும். சுங்குடியில் நூலால் இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கிறதே, அதே தத்துவம்தான். ஒன்றில் முடிச்சு காவல் காக்கிறது, இன்னொன்றில் மெழுகு.

இப்படிப் பத்திக் துணிகளையும் மற்ற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். விற்ற பணத்தைச் சேர்த்துக் கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் பிறந்தது. அப்போது அந்தப் பக்கம் வெறும் மணல்வெளி. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையை மனதில் வைத்து யோசிக்காதீர்கள். பகலில் கைவினை, மீதி நேரத்தில் ஓவியம் என்று கலைஞர்கள் அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பி.எஸ். நந்தன், ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன் போன்ற பெயர்கள் எல்லாம் இந்த ஊரோடு சேர்ந்தவை. ஒரு காசு பெரிய முதலாளியிடம் கேட்காமல், சாயத் தொட்டியை நம்பி ஒரு கலை கிராமம் எழுந்தது என்பது என் கணக்கில் அங்கே இருக்கிற எந்தப் படத்துக்கும் குறையாத சாதனை.

2009-இல் அங்கே நவீனக் கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. 1950-களிலிருந்து 1980-கள் வரை சென்னையை மையமாக வைத்து இயங்கிய ‘மெட்ராஸ் கலை இயக்கம்’ பற்றிய நிரந்தரக் காட்சி அதில் இருக்கிறது. வெளியே மரநிழலில் சிற்பப் பூங்கா. பிள்ளைகளோடு போகிறவர்கள் பூங்காவிலிருந்து தொடங்கலாம். அடைபட்ட அறைக்குள் போவதற்கு முன் கொஞ்சம் ஓடியாடிவிட்டால் அவர்கள் பிறகு நம்மைப் படுத்த மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் பார்க்கிறோம்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மக்கள் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார்கள். 2001-இல் வெளியான முடிவு: சராசரியாக 27.2 வினாடி. அதுவும் சிலர் ரொம்ப நேரம் நின்றதால் கூடிய சராசரி. பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெயர்ப் பலகையைப் படிப்பதும் அடக்கம். சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் மறுபடியும் எடுத்த கணக்கிலும் சராசரி 28.63 வினாடிதான். புதிதாகச் சேர்ந்த ஒன்று, படத்தோடு செல்ஃபி எடுப்பது.

ஆக, உலகப் புகழ்பெற்ற ஊர்களில் டிக்கெட் வாங்கி வருகிறவர்களும் அரை நிமிஷம்தான் பார்க்கிறார்கள். ஒரு சேலைக்குப் பத்து நிமிஷம் தருகிற நம் அக்கா இவர்களைவிட இருபது மடங்கு பொறுமைசாலி. அந்தப் பொறுமையைக் கூடத்துக்குள் எடுத்துப்போவது மட்டும்தான் பாக்கி.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கூடத்தில் ஐம்பது படம் இருந்தால் ஐம்பதையும் பார்க்க வேண்டாம். முதல் சுற்றில் நிற்காமல் ஒரு நடை நடந்துவிடுங்கள். எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ, பிடித்தாலும் சரி, எரிச்சல் மூட்டினாலும் சரி, அந்த மூன்றை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் அந்த மூன்றின் முன்னால் மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிஷம் கஷ்டமாக இருக்கும். மூன்றாவது நிமிஷத்தில் முதலில் கண்ணில் படாத ஏதோ ஒன்று தெரியத் தொடங்கும்.

என்ன கேட்டுப் பார்ப்பது?

‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வியோடு உள்ளே போனால் கதவு சாத்திக்கொள்ளும். அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசன் என்ற உளவியலாளரும் பிலிப் யெனவைன் என்ற அருங்காட்சியகக் கல்வியாளரும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். ரொம்ப எளிது. இந்தப் படத்தில் என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் வேற என்ன தெரியுது? அவ்வளவுதான். சரி, தப்பு என்று யாரும் மார்க் போடமாட்டார்கள். ஆனால் இரண்டாவது கேள்வியை விடக்கூடாது. ‘சோகமா இருக்கு’ என்று சொன்னால், எந்த இடத்தைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று விரலால் காட்ட வேண்டும். (தொடாமல்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.)

இதைப் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் செய்து பார்ப்போம். 1963 வாக்கில் அவர் தொடங்கிய வரிசை இது. என்ன தெரிகிறது? பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. படிக்கப் போனால் படிக்க முடியவில்லை. மலையாள எழுத்து போலச் சுழிகிறது, ஆனால் சொல் ஆகவில்லை. நடுநடுவே கட்டங்கள். எங்கே பார்த்திருக்கிறோம் இந்தக் கட்டத்தை? ஜாதக நோட்டில்! பன்னிரண்டு ராசிக் கட்டம். சில இடத்தில் கணக்குப் போட்டது மாதிரி குறிகள், ஒரு பறவை, ஒரு மீன் போன்ற உருவம்.

இப்போது யோசியுங்கள். நம் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஓலையோ பத்திரமோ இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வராது. அந்தத் தாளுக்கு ஒரு முகம் இருக்கிறது. பணிக்கரின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வருகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம். வெளிநாட்டு ஓவியப் பாணிகளை நன்றாகக் கற்றுத் தேர்ந்த ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டி ஜாதகக் கட்டத்திடம் வந்து நின்றார் என்பது மட்டும் தகவல். ஏன் வந்தார் என்பதைப் படத்தின் முன்னால் நின்று நீங்களே முடிவு செய்யலாம்.

அவருடைய மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பி. செம்பு, பித்தளைத் தகடுகளை வெட்டி, பற்றவைத்து, முன்பக்கம் பார்க்கிற மாதிரி உருவங்களைச் செய்தார். கோயில் உற்சவர் அலங்காரத்தோடு, திருவாசியோடு நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிற்பங்கள் அந்நியமாக இருக்காது.

கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களும் அப்படித்தான். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் கறுப்பு மையில் வரைந்த காந்தி வரிசை புகழ்பெற்றது. காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் வளர்கிற நம் பிள்ளைகள் காந்தியைச் சிலையிலும் ரூபாய் நோட்டிலும் தினமும் பார்க்கிறார்கள். அந்த முகத்தை அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆதிமூலத்தின் காந்தியை இணையத்தில் தேடிக் காட்டிவிட்டு, ‘கண்ணாடி எங்கே வரைஞ்சிருக்கார்? எத்தனை கோட்டுல முடிச்சிருக்கார்?’ என்று கேளுங்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வார இதழில் தொடராக வந்தபோது கூடவே வந்ததும் இவருடைய கோடுகள்தான். மதுரைக்காரரான டிராட்ஸ்கி மருதுவின் படங்களையும் வார இதழ்களில் பார்த்திருப்பீர்கள். நவீன ஓவியம் நம் வீட்டு முற்றத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. பொட்டலம் மடித்த தாளிலும் இருந்திருக்கும்.

பெரியம்மா பார்த்த ஓரம்

எங்கள் பெரியம்மா பல வருஷம் தறியில் உட்கார்ந்தவர், சாயப் பட்டறை வேலையும் தெரியும். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு ஓவியம் பார்க்கப் போனேன். முதல் கால் மணி நேரம் ‘கால் வலிக்குதுடா’ தவிர வேறு பேச்சில்லை. பிறகு பெரிய கறுப்புப் படம் ஒன்றின் முன்னால் நின்றார். நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் போய் நின்று சட்டத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘இவுக முதல்ல மஞ்சளப் போட்டுருக்காக. அது காஞ்சப்பறம் செவப்பு. கடைசியாத்தேன் கருப்பு. ஓரத்துல பாரு, மூணும் படி படியாத் தெரியுது. நம்ம பட்டறையிலயும் அப்படித்தேன், வெளுத்த சாயம் முன்ன, கருத்த சாயம் பின்ன.’

பெயர்ப் பலகையில் இது எதுவும் இல்லை. ஓவியரின் பெயர், ஆண்டு, ‘கித்தானில் எண்ணெய் வண்ணம்’, அவ்வளவுதான். அந்தப் படம் எந்த வரிசையில் உண்டானது என்பதைப் பெரியம்மா ஓரத்திலிருந்து படித்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படம் வெறும் கறுப்பாகத் தெரியவில்லை. அடியில் மஞ்சள் எரிகிற மாதிரியே இருந்தது. நீங்கள் கொத்தனார் என்றால் சிற்பத்தின் மூட்டுகளைப் பாருங்கள். தையல் தெரிந்தவர் துணிச் சிற்பத்தின் தையலைப் பாருங்கள். பூட்டு வேலை தெரிந்த திண்டுக்கல்காரருக்கு நந்தகோபாலின் பற்றவைப்பு என்னைவிட நன்றாகப் பேசும். ஓவியப் படிப்பு தராத ஒரு கண்ணைக் கைத்தொழில் தருகிறது.

‘இதை நான்கூட வரைவேனே!’

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வரைந்தும் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், அழிக்காமல், பத்தே கோட்டில் உங்கள் வீட்டுத் தாத்தாவை. அப்போது ஆதிமூலம் மேல் மரியாதை வரும்.

நவீனக் கலை என்று மாட்டிவைத்தது எல்லாமே உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். சில படங்கள் வெறும் பகட்டு. 2016-இல் சான்ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஒரு மூக்குக் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பார்வையாளர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தரையில் மண்டியிட்டுப் போட்டோ எடுத்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வதும் பார்வையாளர் உரிமை. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னால் அது கருத்து, ஐந்து வினாடியில் சொன்னால் அது கோபம்.

போன் எப்போது, எப்படி?

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கல் 2014-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் போட்டோ எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுசாகப் போட்டோ எடுத்த பொருள்களைப் பற்றி அவர்களுக்கு ஞாபகம் குறைவாக இருந்தது. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மூளை ஒதுங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. எதைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்யவே உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பார்வை, பிறகு போன். முழுப் படத்தை எடுப்பதற்குப் பதில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு மூலையை மட்டும் எடுங்கள். பக்கத்திலிருக்கிற பெயர்ப் பலகையை ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பெயரை ஊருக்குப் போய் ரயிலில் தேடிப் படிக்கலாம். பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் கூகுள் லென்ஸ் மாதிரியான செயலியில் காட்டினால் தமிழில் தரும். மொழிபெயர்ப்பு சில இடத்தில் வேடிக்கையாக இருக்கும், ஆனால் பொருள் பிடிபடும். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் தணிந்த குரலில் நமக்கு நாமே படத்தைச் சொல்லிக்கொள்வது. பார்க்க வராத அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்களுக்கும் ஒரு கதை கிடைக்கும்.

போட்டோவுக்கு அனுமதி உண்டா, தனிக் கட்டணம் உண்டா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். செல்ஃபி குச்சியை விரிப்பதற்கு முன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் வேர்வையும் உலோகத்தைக் கறுக்க வைக்கும், வண்ணத்தில் அழுக்கைப் படிய வைக்கும். ஒரு நாளைக்கு நூறு விரல் பட்டால் பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2015-இல் தைவானின் தைபேயில் 12 வயதுப் பையன் ஒருவன் கையில் குளிர்பானத்தோடு தடுக்கி விழுந்து, பழைய ஓவியம் ஒன்றில் கையை ஊன்றி ஓட்டை போட்டுவிட்டான். அமைப்பாளர்கள் அந்தக் குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பையனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கால் வலி ஒரு சாதாரண விஷயமல்ல

பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்று ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்கக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்கியும் ஒருவர் என்ன பாடுபடுகிறார் என்று போட்டோ எடுத்தே காட்டினார். ஆகவே பெரியம்மாவின் கால்வலிக்கு நூறு வருஷத்துக்கு மேலான ஆதாரம் உண்டு. எழும்பூர் வளாகத்தில் பல கட்டடங்கள். ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் கடைசியில் எதுவும் மனதில் நிற்காது. நவீனக் கலைக்கூடத்தைக் காலையில், கால் தெம்பாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். முதியவர்களையோ மாற்றுத்திறனாளிகளையோ அழைத்துப்போனால் சக்கர நாற்காலி, சாய்தளம் பற்றி முன்கூட்டியே போன் செய்து விசாரித்துக்கொள்வது நல்லது.

விளக்கு எரியவில்லை, தமிழில் பலகை இல்லை, கூடம் காரணம் சொல்லாமல் பூட்டியிருக்கிறது என்றால் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவிடாதீர்கள். வாசலில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்கித் தேதியோடு எழுதுங்கள். அரசு அருங்காட்சியகம் என்றால் ‘முதல்வரின் முகவரி’ இணையதளத்திலோ 1100 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். கூடத்தின் பெயர், நாள், நேரம், என்ன குறை என்று நாலு வரி போதும். ‘சூப்பர்’, ‘நல்லா இருந்தது’ என்பதைவிட ‘மூன்றாவது அறையில் பலகைகளைத் தமிழில் வையுங்கள்’ என்பது அதிகாரிகளுக்குப் பயன்படும்.

வீட்டில் வரைகிற பிள்ளை இருந்தால்

இந்தப் பாடத்தை முக்கியமாக யாருக்காக எழுதினேன் என்றால், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காக. சேலைக்குப் புது டிசைன் போடச் சொன்னால் சட்டென்று போட்டுத் தருகிற பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் அவர்களை வேறு ஏதாவது ஒரு படிப்பில் தள்ளிவிடுகிறோம். ஓவியத்துக்குப் படிப்பு இருக்கிறது என்றே பல வீடுகளில் தெரியாது.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம், பணிக்கர் படித்த இடம். அங்கே ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, துணி வடிவமைப்பு, சுடுமண் வேலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று பிரிவுகள் உண்டு. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. பிளஸ் டூ தேர்ச்சியோடு, வரைதிறனைச் சோதிக்கிற நுழைவுத் தேர்வும் இருக்கும். பிள்ளை வரைந்த படங்களை இப்போதிருந்தே தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது அசல் ஓவியத்தின் முன்னால் நிற்க வேண்டும். போன் திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான். ஆள் உயரக் கித்தானில் வண்ணம் தடித்துப் புடைத்து நிற்பதும், தூரிகை மயிர் இழுத்த தடமும் நேரில்தான் தெரியும். ‘இதை ஒரு மனுசன் கையால செஞ்சிருக்கான், நானும் செய்யலாம்’ என்ற எண்ணம் திரையில் பார்த்து வருவது அபூர்வம்.

வாய்ப்பு இருப்பவர்கள் கொச்சிக்கும் போகலாம். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயில் ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளே கலைக்கூடம் ஆகிவிடும். பெங்களூரில் தேசிய நவீனக் கலைக்கூடமும், 2023-இல் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகமும் இருக்கின்றன. முதல் பயணத்துக்கு எழும்பூர் போதும்.

வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் அருங்காட்சியக இணையதளத்தில் பாருங்கள். திண்டுக்கல்லில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. எழும்பூர் நிலையத்தில் புதுப்பிப்பு வேலை நடக்கும் காலங்களில் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன, அதையும் டிக்கெட் போடும்போதே கவனியுங்கள். காலையில் எழும்பூர் கலைக்கூடம், மதியச் சாப்பாடு, பிறகு பேருந்தில் ஈஞ்சம்பாக்கம், சாயங்காலம் சோழமண்டலம் சிற்பப் பூங்கா. ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பித் தள்ளுகிற அந்த நாலு பேரையும் பார்க்க டிக்கெட் கிடையாது. சுற்றி வந்து முதுகுப் பக்கமும் பாருங்கள். எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.